காவிரியின் திமில் மகசீரும் அயற்கெண்டைப் பரவலும்

ஆய்வுச் சுருக்கம்

காவிரி ஆற்றுப்படுகைக்கே உரிய திமில் மகசீர் இன்று அழிவின் விளிம்பில் உள்ளது. இதற்கு அணைகள், வெடிவைத்து மீன் பிடித்தல், மணல் அள்ளுதல் ஆகியவற்றோடு, மீன்வளப் பாதுகாப்பு என்னும் பெயரில் வேறோர் ஆற்றுப்படுகையிலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீரும் முதன்மையான காரணமாகக் கருதப்படுகிறது. அயலினம் ஒன்று உள்நாட்டிலிருந்தே வரக்கூடும் என்பதையும், அறிவியற்பெயர் இல்லாமை ஓர் உயிரினத்தின் பாதுகாப்பை எவ்வாறு பாதித்தது என்பதையும், தூண்டிற்காரர்களின் குறிப்பேடுகள் சான்றாக அமைந்த வகையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காவிரி, மோயாறு, மகசீர், கெண்டை, அயலினம், தூண்டில் மீன்பிடிப்பு

முன்னுரை

அயிரை, ஆரல், வாளை, வரால், கயல், கெண்டை என நன்னீர் மீன்களைப் பெயர் வேறுபடுத்தி அறிந்த மரபு தமிழ் மரபு. இவற்றுள் கெண்டை என்பது ஒரே மீனின் பெயரன்று. இக்கால விலங்கியல் சிப்ரினிடே என வழங்கும் பெருங்குடும்பத்தின் பல மீன்களுக்குத் தமிழ் மீனவர் கெண்டை என்ற பெயரையே அடையாக்கி வழங்குகின்றனர். மகசீர் எனப்படும் பெருமீனும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பெரிய செதில்களும் தடித்த உதடுகளும் உடைய இம்மீன்கள் பாறைகள் நிறைந்த, நீரோட்டம் மிக்க மலையாறுகளில் வாழ்வன.

அயற்கெண்டைகளால் ஆறுகள் கெடுவது உலகின் பல பகுதிகளில் நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவின் இல்லினாய் ஆற்றில் சீனத்து வெள்ளிக் கெண்டையும், ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் படுகையில் சாதாக் கெண்டையும் பெருகியமை பலரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். அங்கெல்லாம் அயல்மீன் கடல் கடந்து வந்தது. உருவத்தாலேயே அயலது எனத் தெரிந்தது. காவிரியில் நிகழ்ந்தது வேறு. இங்கு அயல்மீன் சில நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மகாராட்டிரத்து ஆறுகளிலிருந்து வந்தது. உள்ளூர் மீனின் நெருங்கிய உறவினம் அது. அழிவைத் தடுக்கவே அது ஆற்றில் விடப்பட்டது. ஆகவே அதனைத் தீங்கு என அடையாளம் காண முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

பெயர் பெறாத பெருமீன்

முதுகில் எருதின் திமில் போன்ற மேடும், பொன்னிற உடலும், செம்மஞ்சள் துடுப்புகளும் உடையது திமில் மகசீர். ஐம்பது கிலோவிற்கு மேல் வளரக்கூடிய இம்மீனைத் தூண்டில் உலகிற்கு அறிமுகப்படுத்தியவர் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த எச்.எஸ். தாமஸ். இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி அவர் எழுதிய நூல் 1873-இல் வெளிவந்தது. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினி ஆற்றில் பிடித்த 120 பவுண்டு (ஏறத்தாழ 54 கிலோ) எடையுள்ள மீன், இன்றளவும் தூண்டிற்காரர்களிடையே பேசப்படுகிறது.

இவ்வளவு புகழ் பெற்றிருந்தும் இம்மீனுக்கு நெடுங்காலம் முறையான அறிவியற்பெயர் இல்லாதிருந்தது என்பது வியப்பிற்குரியது. நெடுங்காலம் இது மசல்லா என்னும் இனப்பெயரால் சுட்டப்பட்டு வந்தது. அப்பெயர் உண்மையில் கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த வேறொரு பேரினத்து மீனுக்கு உரியது எனப் பின்னர் நிறுவப்பட்டது. அதன்பின் திமில் மகசீர், பெயரற்ற மகசீராகவே ஆய்வுக் கட்டுரைகளில் இடம்பெற்றது.

இதன் விளைவு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ஓர் உயிரினம் மதிப்பிடப்பட வேண்டுமாயின் அதற்கு ஏற்கத்தக்க அறிவியற்பெயர் இருத்தல் வேண்டும். பெயரில்லாமையால் திமில் மகசீர் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அதே காலத்தில், அதன் வாழிடத்தைக் கைப்பற்றிக்கொண்டிருந்த நீலத்துடுப்பு மகசீர் அருகி வரும் இனமாகப் பட்டியலிடப்பட்டுப் பாதுகாப்பைப் பெற்றிருந்தது. அழியும் மீன் பட்டியலில் இல்லை. பெருகும் மீன் பட்டியலில் இருந்தது.

இச்சிக்கலுக்கான விடை காவிரியின் தென்பகுதிக் கிளையாறுகளில் கிடைத்தது. கேரளத்தில் தோன்றி அமராவதியோடு சேரும் பாம்பாற்றிலிருந்து கிடைத்த சிறிய மீன்களைக் கொண்டு 2007-இல் குரூப், இராதாகிருஷ்ணன் ஆகியோர் டோர் ரெமாதேவியே என்னும் புதிய இனத்தை விவரித்தனர். இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தின் மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரால் அமைந்தது அது. சிறு மீன்களில் திமில் புலப்படாமையால் இதுவே புகழ்பெற்ற பெருமீன் என அப்போது எவரும் கருதவில்லை. 2018-இல் ஏட்ரியன் பிண்டர் தலைமையிலான குழுவினர், நீலகிரியின் மோயாற்றில் பிடித்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என நிறுவினர். பெயர் கிடைத்த அந்த ஆண்டிலேயே அம்மீன் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது.

லோனாவாலாவிலிருந்து வந்த குஞ்சுகள்

நீலத்துடுப்பு மகசீரின் அறிவியற்பெயர் டோர் குத்ரீ. 1839-இல் சைக்ஸ் என்பவர் பூனாவிற்கு அருகிலுள்ள முளா ஆற்று மீனைக் கொண்டு இதனை விவரித்தார். மேற்குத்தொடர்ச்சி மலையில் நீர்மின் அணைகள் எழுப்பப்பட்டபின் மகசீர் இனங்கள் குறைவதை உணர்ந்த டாடா மின் நிறுவனம், லோனாவாலாவில் 1970-களில் செயற்கை முறை இனப்பெருக்கத்தை மேற்கொண்டது. முட்டையையும் விந்தையும் பிதுக்கி எடுத்துக் கலந்து குஞ்சு பொரிக்கச் செய்யும் அம்முறை மகசீரில் வெற்றி பெற்றது அக்காலத்தில் அரிய செயல். அதன் பெருமையைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஆனால் அங்கு உருவான குஞ்சுகள் அவ்வாற்றோடு நிற்கவில்லை. நாட்டின் பல மாநிலங்களுக்கு அவை அனுப்பப்பட்டன, காவிரியிலும் விடப்பட்டன. பின்னர்க் குடகின் ஹாரங்கியில் அமைந்த அரசுக் குஞ்சு பொரிப்பகமும் இவ்வினத்தையே வளர்த்தது.

மகசீர் எனின் எல்லாம் ஒன்றே என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. காவிரியின் பெருமீன் தனியினம் என்பதற்கு அன்று எழுத்துச் சான்று இல்லை. பெயரில்லாமையின் இழப்பு இங்கும் தொடர்கிறது.

குறிப்பேடுகள் கூறும் செய்தி

ஆற்றுமீனின் எண்ணிக்கையை நேரடியாகக் கணக்கிடுதல் அரிது. ஆழமான மடுக்களும் பாறை இடுக்குகளும் நிறைந்த நடுக்காவிரியில், யானைகளும் முதலைகளும் நடமாடும் இடத்தில், அது மேலும் அரிது. இங்குத்தான் எதிர்பாராத சான்று ஒன்று உதவியது. கர்நாடகப் பகுதியில் காலிபோர், பீமேசுவரி, தொட்டமாக்களி ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் இயங்கின. பிடித்த மீனை எடைபார்த்து மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுவது அங்கு விதி. எத்தனை மணி நேரம் தூண்டில் போடப்பட்டது, என்ன மீன், என்ன எடை என்பவை காலிபோர் முகாமில் நாள்தோறும் பதியப்பட்டன.

1998 முதல் 2012 வரையிலான அப்பதிவுகளைப் பிண்டரும் இராஜீவ் இராகவனும் உடனாய்வாளரும் பகுத்தாய்ந்தனர். 23,620 மணி நேரத் தூண்டில் முயற்சியில் 6,161 மகசீர்கள் பிடிபட்டிருந்தன. இவற்றுள் 95 விழுக்காடு நீலத்துடுப்பு மகசீர். எஞ்சிய 5 விழுக்காடே திமில் மகசீர். அதாவது ஏறத்தாழ முந்நூறு மீன்கள். ஒரு திமில் மகசீரைக் காண எழுபது மணி நேரத்திற்கு மேல் தூண்டில் போட வேண்டியிருந்தது என இதனைக் கணக்கிடலாம்.

எண்ணிக்கையைவிட அளவு தரும் செய்தி ஆழமானது. நீலத்துடுப்பு மகசீரின் பிடிப்பு ஆண்டுதோறும் கூடியது. அதன் சராசரி எடை குறைந்தது. குஞ்சுகளும் இளமீன்களும் மிகுந்த, பெருகும் கூட்டத்தின் இயல்பு இது. திமில் மகசீரில் நேர்மாறாக, பிடிப்பு குறைந்தது. சராசரி எடையோ கூடியது. பெரிய மீன்கள் கிடைத்தமையால் ஆறு வளமாக உள்ளது எனத் தூண்டிற்காரர் மகிழ்ந்திருக்கக்கூடும். உண்மையில் அது முதியோர் மட்டுமே எஞ்சிய ஊரின் நிலை. இளமீன்கள் சேரவில்லை, இருந்தவை வயதாகி எடை கூடின. மகசீர் நீண்ட ஆயுளுடைய மீனாதலால், இனப்பெருக்கம் தோற்றபின்னும் பல ஆண்டுகள் பெருமீன்கள் கண்ணில் படும். அதனால் வீழ்ச்சி தாமதமாகவே உணரப்படுகிறது.

தூண்டிற் பதிவுகளுக்கு வரம்புகள் உண்டு. தூண்டிற்காரர் பெருமீனையே நாடுவர். இரையும் முள்ளும் அதற்கேற்பத் தெரியப்படும். எனினும் ஒரே முகாமில், ஒரே முறையில், இரு மீன்களும் பிடிக்கப்பட்டமையால் அவற்றிடையே காணப்படும் எதிர்த்திசைப் போக்கை இவ்வரம்புகளால் விளக்கிவிட இயலாது.

இடம்பெயர்ப்பின் வழிகள்

இருவகை மகசீரும் ஒத்த உணவை உண்பவை; ஓடுநீரில் சரளைக்கற்கள் பரவிய இடங்களில் முட்டையிடுபவை. பொரிப்பகக் குஞ்சுகள் ஆண்டுதோறும் பெருந்தொகையாக விடப்படும்போது, இளமைப் பருவத்திலேயே இடத்திற்கும் உணவிற்கும் போட்டி எழுகிறது. திமில் மகசீரில் இளமீன்கள் இல்லாமற்போனமை இதனோடு பொருந்துகிறது. இரண்டாவது, இனக்கலப்பு. கெண்டைக் குடும்பத்து மீன்கள் எளிதில் கலப்பினம் தருபவை. எண்ணிக்கையில் குறைந்த இனம் துணை கிடைக்காமல் மிகுந்த இனத்தோடு கலக்குமாயின், சில தலைமுறைகளில் அதன் மரபணு அடையாளம் கரைந்துவிடும் இடருண்டு.

எல்லாப் பழியையும் அயல்மீன் மீது சுமத்துதல் பொருந்தாது. மேட்டூர், கிருஷ்ணராஜசாகர், பவானிசாகர் அணைகள் மீன்களின் வலசைப் பாதையைத் துண்டித்தன. வெடிவைப்போர் ஒரு மடுவின் எல்லா மீன்களையும் ஒரே நொடியில் அழிக்கின்றனர். மணல் அள்ளுதல் முட்டையிடும் தளங்களைக் கெடுக்கிறது. ஆனால் இத்தீங்குகள் இரண்டு மகசீருக்கும் பொதுவானவை. அதே ஆற்றில் ஒன்று பெருக, மற்றொன்று மறைந்தது என்பதே குஞ்சு விடுதலின் பங்கைத் தனித்துக் காட்டுகிறது.

தூண்டில் நின்றபின்

முகாம்கள் காவிரி வனவிலங்குப் புகலிடத்திற்குள் அமைந்திருந்தன. பிடித்துவிடும் தூண்டிலும் வேட்டையே என்னும் சட்ட விளக்கத்தால் 2012-ஆம் ஆண்டையொட்டி அங்குத் தூண்டில் நின்றது. உயிரைத் துன்புறுத்தி மகிழ்வதற்கு எதிரான அறக்கருத்து இதில் உண்டு. அதனைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் விளைவுகளையும் காணவேண்டும். முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தோர் பலர் அம்முகாம்களில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஊதியம் பெற்றனர். கேழ்வரகு மாவை உருட்டி இரையாக்கும் நுட்பமும், எந்த மடுவில் எப்போது மீன் மேயும் என்ற அறிவும் அவர்களுடையவை. முகாம்கள் மூடப்பட்டபோது அவர்களின் வேலை போனது. ஆற்றங்கரைக் காவலும் போனது. மீன்களைப் பற்றிய தொடர் பதிவும் அத்துடன் அறுந்தது.

மேட்டூர்க்குக் கீழும் மேலும் வலைவீசும் மீனவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு மகசீர் அன்றாடப் பிழைப்பன்று. ஆனால் இதே வகை மாற்றத்தை அவர்கள் முன்னரே கண்டவர்கள். கட்லா முதலிய வடநாட்டுக் கெண்டைகள் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் விடப்பட்டன. 1939-இல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்குச் சாதாக் கெண்டை வந்தது. 1952-இல் திலாப்பியா நாட்டிற்குள் வந்தது. வெண்கெண்டை, காவிரிக்கே உரிய லேபியோ கோண்டியஸ் ஆகியவை சந்தையில் அருகின. எடைக்கணக்கில் விளைச்சல் கூடியது உண்மையே. ஆற்றின் சொந்த மீன்கள் குறைந்ததை அந்த எடைக்கணக்கு காட்டுவதில்லை.

மோயாறு

திமில் மகசீர் இன்று உறுதியாக அறியப்படும் முதன்மையான புகலிடம் தமிழ்நாட்டில் உள்ளது. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளினூடே ஆழமான பள்ளத்தாக்கில் ஓடிப் பவானிசாகரில் கலக்கும் மோயாறு அது. காடும் புலிகள் காப்பகங்களும் மனித நடமாட்டத்தைத் தடுத்தமையே இம்மீனைக் காத்தது எனலாம். ஆனால் மோயாற்றின் நீரோட்டம் மேலேயுள்ள நீர்மின் நிலையங்களின் வெளியேற்றத்தைச் சார்ந்தது. முட்டையிடும் பருவத்தில் நீர் திடீரென ஏறி இறங்குமாயின் சரளைமேல் ஒட்டிய முட்டைகள் அடித்துச் செல்லப்படும் அல்லது காய்ந்துபோகும்.

நீலத்துடுப்பு மகசீர் அருகிய இனம் என்ற நிலை பின்னாளில் தளர்த்தப்பட்டது. எனவே அதனைக் காவிரியில் தொடர்ந்து விடுவதற்குப் பாதுகாப்பு சார்ந்த காரணம் இல்லை. அயலினம் என்பதை நாட்டெல்லையால் அளக்காமல் ஆற்றுப்படுகையால் அளக்கும் நெறியைக் குஞ்சு விடும் திட்டங்கள் ஏற்கவேண்டியுள்ளது. திமில் மகசீரையே பொரிப்பகத்தில் பெருக்கலாம் என்னும் கருத்தும் உண்டு. அதற்குத் தாய்மீன்களை மோயாற்றிலிருந்தே எடுக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்த கூட்டத்தில் சில மீன்களை எடுப்பதும் இழப்பே. சில தாய்மீன்களின் வழித்தோன்றல்களையே மீண்டும் மீண்டும் விடுவது மரபணு வளத்தையும் சுருக்கும். ஆகவே எடுக்கும் ஒவ்வொரு மீனும் கலப்பற்றது என மரபணுவால் உறுதிசெய்யப்பட்டு, முள் நீக்கி, ஒரு துடுப்புத் துண்டு மட்டும் பெற்று விடப்படுவதே முதற்படியாகும். அப்பணிக்குப் பெருமீனைக் காயமின்றிக் கரைசேர்க்கத் தெரிந்தவர்கள் காவிரிக்கரைச் சிற்றூர்களில் வேலையின்றி இருக்கும் பழைய தூண்டில் வழிகாட்டிகளே.