பொன்னும் வெள்ளியும்

முதற் பாகம் வெற்றி பெற்றுவிட்டால் இரண்டாம் பாகத்தை ஆக்குவது எளிதென்று பலர் எண்ணுவதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. பழைய பாத்திரங்களை மீண்டும் காண வேண்டுமென்று வாசகன் விரும்புவான். பழைய கதையையே மீண்டும் சொன்னாலோ முகஞ் சுளிப்பான். தொடர்கதை எழுதுவோர் யாவரும் அறிந்த இந்தச் சங்கடம், சென்ற நூற்றாண்டின் இறுதியில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்விளையாட்டுக்கும் வந்து சேர்ந்தது. யப்பானியர் அதனை எவ்வாறு தீர்த்தனர், எங்கே சறுக்கினர் என்பது ஆராயத்தக்கது.

அந்த விளையாட்டின் பெயர் போக்கிமொன். நின்டென்டோ நிறுவனம் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கேம் பாய்’ என்னும் கைக்கருவியிலே ஆடப்பட்டது. நான்கு சிறு பற்றரிகளால் இயங்கும் அக்கருவியின் திரை நான்கே சாயல்களைக் காட்டவல்லது. இத்தகைய எளிய கருவிக்காக, ‘சிவப்பு’, ‘பச்சை’ என இரு வடிவங்களில் 1996 பெப்ரவரி 27ஆம் திகதி யப்பானில் முதற் பாகம் வெளிவந்தது. ஆக்கியது கேம் பிரீக் என்னும் சிறு நிறுவனம். கருத்தை ஈன்றவர் சத்தோஷி தஜிரி. சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்த்த அனுபவமே அவருக்கு வித்தாயிற்று. தீப்பெட்டிக்குள் பொன்வண்டை அடைத்துக் கொன்றை இலை போட்டு வளர்த்த எந்தத் தமிழ்ச் சிறுவனுக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

ஆடுபவர் ஒரு சிறுவனின் வேடத்தை ஏற்று ஊர் ஊராகச் செல்வார். விந்தைப் பிராணிகளைப் பிடிப்பார், பழக்குவார், பிறருடைய பிராணிகளோடு பொருத விடுவார். எட்டு ஆசான்களை வென்று எட்டுச் சின்னங்கள் பெறவேண்டும். பிராணிகள் மொத்தம் 151. ஆனால் சிவப்பில் கிடைக்கும் சில பச்சையில் கிடையா. பச்சையில் உள்ள சில சிவப்பில் இல்லை. சில பிராணிகளோ, கைமாறினால் மட்டுமே அடுத்த வளர்ச்சியை அடையும். கைமாற்றுவதற்கு இரு கருவிகளையும் ஒரு கம்பியால் இணைக்கவேண்டும். வெள்ளவத்தையில் ஒருவனும் கொட்டாஞ்சேனையில் ஒருவனும் இருந்தால், இருவரில் ஒருவன் பஸ் ஏறியே தீரவேண்டும். விற்பனைத் தந்திரம் இதில் இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் தனித்திருந்து ஆடும் ஒரு விளையாட்டை நட்பின் பொருட்டாக்கிய பெருமையும் இதற்கே உரியது.

இரண்டாம் பாகம் ‘பொன்’, ‘வெள்ளி’ என்னும் பெயர்களோடு 1999 நவம்பர் 21ஆம் திகதி யப்பானில் வெளியாயிற்று. வட அமெரிக்காவுக்கு 2000ஆம் ஆண்டிலும் ஐரோப்பாவுக்கு 2001ஆம் ஆண்டிலும் சென்றது. புதிய பிராணிகள் நூறு சேர்ந்தன. களமும் மாறியது. முதற் பாகத்தின் கன்டோ நாடு தோக்கியோவைச் சூழ்ந்த பகுதியின் சாயல். புதிய ஜோட்டோ நாடோ மேற்குப் பகுதியான கன்சாயின் சாயல். கியோத்தோவை நினைவூட்டும் ஒரு பழம்பதியும், எரிந்து பாழான கோபுரமும், அதனருகே நிற்கும் மற்றொரு கோபுரமும் அங்கே உண்டு. வாணிபப் பரபரப்பு நிறைந்த நாட்டிலிருந்து ஆலயங்களும் ஐதீகங்களும் நிறைந்த நாட்டுக்கு வந்த உணர்வு ஆடுபவருக்கு ஏற்படும்.

எனினும் இப்பாகத்தின் மெய்யான புதுமை பிராணிகளல்ல, கடிகாரம். பேழைக்குள் ஓர் ஓயாத கடிகாரம் வைக்கப்பட்டது. கருவியை நிறுத்தினாலும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். வெளியே இருண்டால் திரையிலும் இருளும். ஆந்தை போன்ற பிராணி இரவிலேதான் தோன்றும். பூச்சி பிடிக்கும் போட்டி செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாட்களில் மட்டுமே நடைபெறும். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. விளையாட்டில் இரவு தொடங்குவது மாலை 6 மணிக்கு. ஐரோப்பாவின் கோடைக்காலத்தில் அந்நேரம் வெயில் எறிக்கும். கொழும்பிலோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ அந்நேரத்திலேதான் சூரியன் கடலில் இறங்குகிறது. யப்பானியர் இலங்கையை எண்ணிச் செய்ததன்று. ஆனாலும் அவர்கள் வைத்த கணக்கு கொழும்புக்குப் பொருந்தியதுபோல் இலண்டனுக்குப் பொருந்தவில்லை. (1996 முதல் 2006 வரை இலங்கையின் கடிகாரங்கள் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தமையால், அவ்வாண்டுகளில் மட்டும் சிறிது பிசகு நேர்ந்திருக்கும்.)

வானொலி நேயர்களுக்கு மகிழ்வூட்டும் இன்னொரு புதுமையும் உண்டு. இந்த விளையாட்டுக்குள்ளே ஒரு வானொலி இருக்கின்றது. பெருநகரிலுள்ள ஒலிபரப்புக் கோபுரத்துக்குச் சென்று ஐந்து வினாக்களுக்குச் சரியான விடை கூறினால் சிறு வானொலி கிடைக்கும். முதற் பாகத்திலே வந்த பேராசிரியர் ஓக் அதில் உரையாற்றி, எந்தப் பிராணி எங்கே உலவுகிறது என்று தெரிவிப்பார். பிராணிகளை வரவழைக்கும் இசையும் உண்டு, உறங்கவைக்கும் இசையும் உண்டு. எது ஒலிக்கும் என்பது கிழமையைப் பொறுத்தது. கதையின் உச்சமும் இந்தக் கோபுரத்திலேதான் நிகழ்கிறது. கயவர் கூட்டம் கோபுரத்தைக் கைப்பற்றி, நிலைய அதிபரைச் சிறைவைத்து, அவர் இடத்தில் ஒரு போலியை அமர்த்தி, மறைந்துபோன தம் தலைவனை ஒலிபரப்பு மூலம் கூவி அழைக்கிறது. ஆட்சியைக் கவிழ்க்க முனைவோர் முதலிலே நாடுவது வானொலி நிலையத்தையே என்பது நேயர்கள் அறிந்த உண்மை. 1925ஆம் ஆண்டிலேயே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்ட கொழும்பு மாநகரில் இதன் பொருள் எளிதாக விளங்கும்.

எட்டுச் சின்னங்களைப் பெற்று வாகை சூடியபின் கதை முடிந்ததென்றே எவரும் நினைப்பர். அப்போதுதான் பழைய கன்டோ நாட்டுக்கு வழி திறக்கிறது. மேலும் எட்டுச் சின்னங்கள் காத்திருக்கின்றன. கதைப்படி இடையே மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. முன்பு திணறித் திணறிக் கடந்த காடு இப்போது வெறும் பாதையாகிவிட்டது. ஒரு தீவூரை எரிமலை விழுங்கிவிட்டது. பிராணிகளைப் புதைத்த நினைவுக் கோபுரம் வானொலிக் கோபுரமாக மாறி, நினைவிடம் ஒரு சிறு வீட்டுக்குள் ஒடுங்கிவிட்டது. பல்லாண்டு கழித்துக் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வெள்ளவத்தைக்குத் திரும்புவோர், தாம் அறிந்த முற்றமும் மாமரமும் இருந்த இடத்தில் அடுக்குமாடியைக் கண்டு, ஒழுங்கையின் பெயர்ப்பலகையை இரண்டாந்தரம் படிப்பார்களே, அந்த உணர்வு இங்கே உண்டு. இறுதியில், மலைக்குகையில் ஓர் இளைஞன் தனியே நிற்கிறான். அவன் முதற் பாகத்தின் நாயகன். முன்பு ஆடியவர் ஏற்றிருந்த அதே வேடம். அவன் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. புள்ளிகள் மட்டுமே திரையில் தோன்றும். தன் பழைய உருவத்தோடு தானே பொருதும்படி ஆடுபவரை நிறுத்தியது, இரண்டாம் பாகங்களின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று எனலாம்.

குறைகள் இல்லாமலில்லை. பழைய நாட்டில் வேலை குறைவு. ஊர்கள் இருக்கின்றனவே தவிர, அவற்றை நிரப்பக் கதை போதவில்லை. நடுப்பகுதியில் எதிரிகள் மெலிந்து நிற்க, கடைசியில் வருவோர் திடீரெனப் பலம் கொழித்து வருகின்றனர். இடையே பழக்கிக்கொள்ளத் தக்க இடமில்லை. இவற்றிலும் விந்தை, புதிதாகப் படைத்த பிராணிகளிற் சிலவற்றைப் பழைய நாட்டிலே ஒளித்து வைத்தமை. புதுமணப்பெண்ணை விருந்து முடிந்தபின் அழைத்துவந்த கதைதான். இருந்தும், இத்துணையையும் ஒரு சிறு பேழைக்குள் அடக்கியதே அருஞ்செயல். படங்களைச் சுருக்கி அடைக்கும் கருவியை ஆக்கி உதவியவர், ஹால் ஆய்வகத்தின் தலைவராயிருந்த சத்தோரு இவத்தா. வேறொரு நிறுவனத்தின் தலைவர் இரவலாக வந்து செய்த வேலை அது. பின்னர் 2002ஆம் ஆண்டில் நின்டென்டோவுக்கே அவர் தலைவரானார்; 2015இல் காலமானார்.

இனி, இவ்விளையாட்டைப் பெட்டியில் வைத்திருப்போர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. ஆடுபவர் சேர்த்த பிராணிகளும் சின்னங்களும் பேழையின் நினைவுச் சில்லிலே பதிவாகின்றன. அந்தச் சில்லு, மின்சாரம் அற்றால் அனைத்தையும் மறந்துவிடும் வகையைச் சேர்ந்தது. ஆகவே நாணயம்போன்ற ஒரு சிறு பற்றரி உள்ளே பொருத்தப்பட்டிருக்கிறது. பொன், வெள்ளிப் பேழைகளில் அதே பற்றரி கடிகாரத்தையும் ஓட்டவேண்டும். இரட்டைச் சுமை சுமந்ததால், முதற் பாகத்துப் பேழைகளிலும் விரைவாக இவை செயலிழந்தன. எந்தக் கடிகாரத்தால் இரண்டாம் பாகம் புகழ் பெற்றதோ, அந்தக் கடிகாரமே அதன் நினைவைத் தின்றது. புலம்பெயர்ந்துபோன அண்ணன் விட்டுச்சென்ற பேழையைத் தங்கை எடுத்துப் போட்டுப் பார்த்தால், அவன் வளர்த்த பிராணிகள் ஒன்றுமில்லாமல், புதிதாகத் தொடங்கும்படி திரை கேட்கக்கூடும்.

பற்றரி இன்னும் உயிரோடிருப்பின், பேழையைப் படித்துப் பதிவைக் கணினிக்கு மாற்றும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. அதை முதலிலே செய்துகொள்ளவேண்டும். பற்றரியைக் கழற்றினால் பதிவு அழிந்துவிடும் என்பதை மறத்தலாகாது. புதிய பற்றரி ஈயப்பற்று வைத்துப் பொருத்தப்படவேண்டியது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்பொருள் விற்போரிடம் விசாரித்தால், பற்றவைக்கத் தெரிந்தவரைக் காட்டுவார்கள். வெறும் ஒட்டுநாடாவால் ஒட்டிக் கொடுப்பவரிடம் கொடுப்பதில் பயனில்லை. ஒரு குலுக்கலில் தொடர்பு அறுந்து, எல்லாம் மீண்டும் போய்விடும். மீளாக்கப் பதிப்புகள் 2009இல் வந்தன. பழைய வடிவமே 2017இல் இணையக் கடையொன்றில் மறுபடி விற்கப்பட்டது. அந்தக் கடையும் 2023 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது.

புதிய பற்றரி இட்ட பேழையைத் திறந்து புதிய ஆட்டத்தைத் தொடங்கினால், பெயரைக் கேட்பதற்கு முன்பே அது கேட்கும் வினா ஒன்று உண்டு: இப்போது மணி என்ன?