காவிரி: பற்றாக்குறையை எப்போது கணக்கிடுவது?

மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. “கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாகிவிட்டது, காவிரி மேலாண்மை ஆணையமும் வந்துவிட்டது. பிறகு ஏன் மறுபடி மறுபடி தகராறு?” என்று வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

அந்த அளவு இயல்பான ஆண்டுக்கு உரியது. காவிரிப் படுகையின் நீர்வளம் 740 டிஎம்சி என்று 2007-இல் காவிரி நடுவர் மன்றம் எடுத்துக்கொண்டது, 50 விழுக்காடு நம்பகத்தன்மையின் பேரில். ஏறக்குறைய இரண்டில் ஓர் ஆண்டு இதைவிடக் குறைவாகவே வரும் என்று தெரிந்தேதான் பங்கு பிரித்தார்கள். மழை பொய்த்ததை மட்டும் அரசுகள் காரணம் காட்டுவதை ஏற்பதற்கில்லை.

குறைந்தால்? எல்லோரும் விகிதாசாரப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது தீர்ப்பு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நீராண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. மொத்தத்தில் எவ்வளவு குறைந்தது என்பது கடைசியில்தான் தெரியும். டெல்டாவின் குறுவை நெல்லுக்கோ ஜூனிலேயே தண்ணீர் வேண்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவுக்கு 86.38 டிஎம்சி வர வேண்டும். கர்நாடகத்தின் நான்கு அணைகளுக்கு வரத்து பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 43.19 டிஎம்சியாவது கொடுங்கள் என்பது தமிழகத்தின் வாதம். உங்களுக்கு வடகிழக்குப் பருவமழை இருக்கிறதே, பொறுங்கள் என்பது கர்நாடகத்தின் வாதம். பேச்சு முடிவதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்றை நட்டால் சரியாகத் தூர் கட்டாது, மகசூல் விழும். அங்கே கர்நாடகத்தின் மண்டியாவில் கரும்பும் நெல்லும் காயும்போது கிருஷ்ணராஜ சாகர் அணையின் மதகைத் தமிழகத்துக்காகத் திறந்தால் அந்த விவசாயி போராடச் சாலைக்கு வராமல் என்ன செய்வார்?

2023-இல் இதுதான் நடந்தது. ஜூன் 12-இல் திறந்த மேட்டூர் அக்டோபர் 10-இல் மூடப்பட்டது. செப்டம்பரில் கர்நாடகத்தில் முழு அடைப்பு. இரண்டு பக்கமும் நட்டம் உழவருக்கே.

இவர்கள் பகைவர்கள் அல்லர். 2003-இல் இரு மாநில விவசாயிகளும் ‘காவிரிக் குடும்பம்’ என்று சேர்ந்து உட்கார்ந்து, ஒருவர் வயலை ஒருவர் போய்ப் பார்த்துப் பேசியவர்கள்.

மற்ற கேள்விகள்:

தண்ணீரை அளப்பது யார்? பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம்.

நடுவர் மன்றம் தந்த 192 டிஎம்சி 2018 தீர்ப்பில் ஏன் 177.25 ஆனது? டெல்டாவில் நிலத்தடி நீர் இருப்பதைக் கணக்கில் கொண்டு 10, பெங்களூருவின் தேவைக்காக 4.75 கழிக்கப்பட்டது.

ஜூன் 12 உறுதியா? இல்லை, 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள்.

இந்தத் தகராறு ஓய வேண்டுமானால், எந்த மாதம் வரத்து எவ்வளவு குறைந்தால் எவ்வளவு திறக்க வேண்டும் என்ற பற்றாக்குறை அட்டவணையைக் காவிரி மேலாண்மை ஆணையம் விதைப்புக்கு முன்பே, தமிழிலும் கன்னடத்திலும் வெளியிட வேண்டும். இரு மாநில விவசாயச் சங்கங்களும் சேர்ந்து இதைக் கேட்க வேண்டும்.