கோரையோடு ஒரு குஸ்தி

வீட்டு முன்னால் துளி இடத்தில் அருகம்புல் தரை வைத்தேன். அன்றோடு போச்சு ஞாயிற்றுக்கிழமை. காரணம், கோரை! பிடுங்கினால் சமர்த்தாகக் கையோடு வரும். அடுத்த வாரமே அதே இடத்தில் ஈட்டி மாதிரி நிற்கும். வந்தது தழைதான் சார். கிழங்கு மண்ணுக்குள்ளே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

"கிளைபோசேட் அடிங்க, ஒரே அடி!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் மட்டுமே அதைத் தெளிக்கலாம் என்று 2022-லேயே மத்திய அரசு அறிவித்தாகிவிட்டது. சட்டம் கிடக்கட்டும், அந்த மருந்து அருகம்புல்லையும் சேர்த்தே கருக்கிவிடும். தவிர, என் பெண் வெறுங்காலோடு விளையாடுவது அங்கேதான்.

ஆகவே களைக்கொத்து. மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும். புதுக் கிழங்கு கட்டுவதற்குள் கிழங்கோடு தோண்டணும். ஒரு தடவையில் முடியாது. நாலைந்து ரவுண்டு ஆகும். புல்லை ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலம் விட்டால் நல்லது, கோரைக்கு நிழல் ஆகாது. வேர்ப்புழுவா? மைனா வந்து கொத்தினால் விரட்டாதீர்கள். சம்பளம் கேட்காத ஆள்!

போன வாரம் அரைக்கூடை கிழங்கு தேறியது. கொட்டப் போனேன். அம்மா பிடுங்கிக் கழுவிக் காயவைத்துவிட்டாள், குளியல் பொடிக்காம்.

"நாட்டு மருந்துக் கடையில காசு குடுத்து வாங்கறதுடா இது!"