எடை குறைக்க ஆபரேஷன்... பார்டர் பரோட்டாவுக்கு டாட்டாவா?

குற்றால சீசன்னா அருவிக் குளியல் பாதி, பிரானூர் பார்டர் பரோட்டா மீதி. சாரல்ல நனைஞ்ச பசிக்கு எத்தனை பரோட்டா உள்ளே போகுதுன்னு யாரும் எண்ணுறதில்லை. ஆனா, அருவி வரைக்கும் நடக்கவே மூச்சு வாங்குற அளவுக்கு எடை ஏறிட்டா? 'டயட், ஜிம் எல்லாம் பார்த்தாச்சு. பேசாம ஆபரேஷன் பண்ணிக்கலாமா?' என்று யோசிக்கிறவரா நீங்க? கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

கொழுப்பை உறிஞ்சுறது இல்லை!

'பேரியாட்ரிக் சர்ஜரி' என்றதும் பலருக்கும் லைப்போசக்‌ஷன்தான் ஞாபகம் வரும். அது உடல் வடிவத்துக்கான சிகிச்சை. இது வேற. இரைப்பையையே மாற்றியமைப்பது. பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள்.

ஸ்லீவ்: இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற குழாயாக்கிவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் குறையும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. சிலருக்கு நெஞ்செரிச்சல் அதிகமாகலாம்.

பைபாஸ்: இரைப்பையின் மேல்பகுதியில் முட்டை அளவில் ஒரு சின்னப் பையை உருவாக்கி, நேரடியாகச் சிறுகுடலுடன் இணைப்பார்கள். டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நல்ல பலன் தரும். ஆனா, இதுக்கப்புறம் திருநெல்வேலி அல்வாவை ஒரு கை பார்த்தா, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் வரலாம்.

பலூன்: இது ஆபரேஷனே இல்லை. பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி மூலம் வைத்து, சுமார் 6 மாதத்தில் எடுத்துவிடுவார்கள். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினா, எடையும் திரும்பும்.

யாருக்கு?

2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், பி.எம்.ஐ 35-க்கு மேல் இருந்தால் சர்ஜரியைப் பரிந்துரைக்கிறது. ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்கிறது. இந்தியாவில் ஹெல்த் இன்ஷூரன்ஸ் விதி இன்னும் கறார்: 18 வயது நிரம்பி, பி.எம்.ஐ 40 இருக்கணும். அல்லது 35-உடன் கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய் போன்ற தீவிரப் பிரச்னை இருக்கணும். 165 செ.மீ உயரம் உள்ளவருக்கு 40 என்றால் சுமார் 109 கிலோ. 'கல்யாணத்துக்குள்ள 10 கிலோ குறைக்கணும்' என்பவர்களுக்கானது இல்லை இது.

ஆஸ்பத்திரியில் என்ன கேட்கணும்?

2024 ஏப்ரலில், சென்னையை அடுத்த பம்மலில் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன 26 வயது இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தி, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அனுபவமுள்ள குழுவின் கையில் இது பாதுகாப்பான ஆபரேஷன்தான். அதனாலதான் கூச்சப்படாமக் கேளுங்க: டாக்டர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கார்? முழு வசதியுள்ள ஐ.சி.யூ இருக்கா? டயட்டீஷியன் தொடர்ந்து பார்ப்பாரா?

தென்காசிக்காரர்களுக்கு இன்னொரு கேள்வி. பொதிகை எக்ஸ்பிரஸ் பிடிச்சு சென்னை போய் ஆபரேஷன் பண்ணிட்டு வந்துடலாம். வீட்டுக்கு வந்தபிறகு கடும் வயிற்றுவலி, காய்ச்சல், வேகமான இதயத்துடிப்பு வந்தா, அது தையல் கசிவின் அறிகுறியாக இருக்கலாம். உடனே எங்கே ஓடணும்னு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்.

அப்போ பரோட்டா?

முதல் சில வாரங்கள் திரவ உணவு, அப்புறம் மசித்தது, பிறகுதான் திட உணவு. எப்பவும் புரதத்துக்குத்தான் முதலிடம். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும். சிகரெட்டை விட்டுடணும். பெண்கள் 12 முதல் 18 மாதங்களுக்குக் கர்ப்பத்தைத் தள்ளிப்போடணும். எல்லாம் சரியாகப் போனால், டயட்டீஷியன் சம்மதத்தோட ஒரு துண்டு பரோட்டாவை நல்லா மென்னு சாப்பிடலாம். கூடவே கொஞ்சம் நாட்டுக்கோழி. அதுக்கு மேல வயிறே 'போதும்' சொல்லிடும். அந்த 'போதும்'மைக் கடைசி வரைக்கும் கேட்கத் தயாரா இருந்தா மட்டும் டாக்டரைப் பாருங்க.