நிற்க வேண்டிய வரிசைகள்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கு வாடகை உதவி என்றதும் எல்லார் வாயிலும் வருவது ‘செக்‌ஷன் 8’. ஓர் அலுவலகம், ஒரு விண்ணப்பம், ஒரு பட்டியல் என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் அயோவா, ஓஹியோ மாதிரியான மாநிலங்களின் சிறுநகரங்களில்கூடத் தனித்தனியாக மூன்று நான்கு வரிசைகள் இருக்கும். ஒன்றில் பெயர் கொடுத்தவர் மற்றவற்றிலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

முதலில் அந்தச் செக்‌ஷன் 8. பணம் மத்திய அரசின் வீட்டுவசதித் துறையுடையது, நடத்துவது உள்ளூர் ஹவுசிங் அத்தாரிட்டி. வீட்டை நீங்கள் வெளிச்சந்தையில் தேடிக்கொள்ள வேண்டும், அவர்கள் தருவது வவுச்சர். திட்டம் அனுமதிக்கும் கழிவுகள் போக உங்கள் மாத வருமானம் 1,600 டாலர் என்று வையுங்கள். அதில் 30 சதவீதம், அதாவது 480 டாலர், உங்கள் பங்கு. அந்த ஊரில் அந்த அளவு வீட்டுக்கு அத்தாரிட்டி வைத்திருக்கும் உச்சவரம்பு 1,000 என்றால் மீதி 520 நேராக வீட்டுக்காரருக்குப் போய்விடும். வீடு 1,100 டாலரா? கூடுதல் 100 உங்கள் தலையில். புதிதாகக் குடிபுகும்போது உங்கள் பங்கு வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால், 1,160-க்கு மேல் வாடகை கேட்கும் வீட்டைப் பார்த்துப் பயனில்லை. மின்சாரம், தண்ணீர்ச் செலவும் இந்தக் கணக்குக்குள்தான். பலர் கோட்டைவிடும் இடம் அது.

இரண்டாவது, 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய அரசுக் குடியிருப்புகள். இங்கே வீடே அத்தாரிட்டியுடையது. மூன்றாவது, தனியார் கட்டிடங்கள் சிலவற்றில் சலுகை வீட்டோடு ஒட்டியிருக்கும், காலி செய்தால் கையோடு வராது. விவசாயத் துறையின் கடனில் சிற்றூர்களில் கட்டிய குடியிருப்புகளும் உண்டு. இவற்றுக்கு ஹவுசிங் அத்தாரிட்டியில் கேட்டால் கிடைக்காது, அந்தந்தக் கட்டிட மேலாளரிடமே விண்ணப்பிக்க வேண்டும். 1986-இல் வந்த வரிச்சலுகைத் திட்டத்தில் கட்டியவை இன்னொரு ரகம். அங்கே வாடகை வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தை வைத்து நிர்ணயிக்கப்படுவது. உங்கள் சம்பளம் பாதியானாலும் வாடகை அசையாது.

எதற்கு இத்தனை வரிசை என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் உணவு உதவி நம்மூர் ரேஷன் மாதிரி, தகுதி இருந்தால் கிடைத்துவிடும். வாடகை உதவி அப்படியில்லை. பணம் தீர்ந்தால் பட்டியல் நிற்கும், தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் கிடைக்கிறது. இதை நிர்வாகச் சிக்கல் என்று நான் சொல்லமாட்டேன், தெரிந்தே செய்த அரசியல் முடிவு.

ஆகவே ‘பட்டியல் மூடியிருக்கிறது’ என்று ஓரிடத்தில் சொன்னால் பக்கத்து மாவட்டத்து அத்தாரிட்டியைக் கேளுங்கள். அங்கே குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இருக்காது. உள்ளூர்க்காரர், முதியவர், மாற்றுத்திறனாளி, வீடற்றவர் என்று முன்னுரிமை வைத்திருப்பார்கள். உங்களுக்குப் பொருந்துவதைக் குறிக்காமல் விட்டால் யாரும் தேடிவந்து குறிக்கப் போவதில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 211 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். வவுச்சருக்கோ அரசுக் குடியிருப்புக்கோ விண்ணப்பக் கட்டணம் என்று எவராவது பணம் கேட்டால் அது மோசடி.

காத்திருக்கும் காலத்தில் பெயரை அடிக்கடி பலிவாங்குவது தபால். ‘இன்னும் வேண்டுமா?’ என்று கடிதம் வரும், பதில் இல்லையென்றால் பெயர் நீங்கும். முகவரி, கைபேசி எண் மாறினால் விண்ணப்பித்த ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக எழுதித் தெரிவியுங்கள்.

வவுச்சர் கைக்கு வந்த பிறகும் ஓட்டம் முடியாது. வீடு தேடக் குறைந்தது 60 நாள் தருவார்கள். சிறுநகரத்தில் காலி வீடுகளே கொஞ்சம், வவுச்சர் வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்காரர்களைத் தடுக்கும் சட்டம் எல்லா மாநிலங்களிலும் இல்லை. வீடு ஆய்வில் தேறவும் வேண்டும். நாள் முடியும் முன்பே நீட்டிப்புக் கேட்டு எழுதிக் கொடுங்கள். விண்ணப்பத்தையே மறுத்தார்கள் என்றால், காரணத்தை எழுத்தில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். மறுபரிசீலனை கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.