வீல்சேர்: விலை குறைந்தால் மட்டும் போதுமா? கெங்கவல்லி மண் தெருவில் ஓட வேண்டாமா?

ஆஸ்பத்திரி டைல்ஸ் தரையில் லாவகமாக ஓடும் வீல்சேர், கெங்கவல்லி பக்கத்துக் கிராமத்து மண் தெருவில் இறங்கினால் திணறும். காரணம், முன்னாடி இருக்கும் இரண்டு சின்னச் சக்கரங்கள். பள்ளத்திலும் சேற்றிலும் முதலில் சிக்குவது அவைதான்.

மலிவு என்றால் என்ன?

உலக சுகாதார அமைப்பு 2008-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நாற்காலி, உட்காருபவரின் உடம்புக்கும் அவர் போய்வரும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். உள்நாட்டில் கிடைக்க வேண்டும். கட்டுப்படியாகும் செலவில் பராமரிக்கவும் முடிய வேண்டும்.

அளவு தப்பினால்?

சட்டை லூசாக இருந்தால் சமாளிக்கலாம். வீல்சேர் லூசாக இருந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். தண்டுவடம் பாதித்த பலருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. அழுத்தப்புண் வந்தாலும் வலி தெரியாது. கண்ணில் படும்போது புண் ஆழமாகியிருக்கும். நாற்காலியில் மிச்சம் பிடித்த காசு மருந்துக்குப் போகும்.

தீர்வு இருக்கிறதா?

இருக்கு. அமெரிக்காவின் எம்ஐடி-யைச் சேர்ந்த ஏமஸ் விண்டர் குழு, ஜெய்ப்பூர் கால் அமைப்புடன் சேர்ந்து நெம்புகோல் வீல்சேரை உருவாக்கியது. நெம்புகோலின் உச்சியைப் பிடித்துத் தள்ளினால் மேடு ஏறலாம்; கீழே பிடித்தால் சமதளத்தில் வேகம். சைக்கிள் பாகங்கள் என்பதால் உள்ளூர் சைக்கிள் கடையிலேயே ரிப்பேர் பார்க்கலாம்.

சென்னை ஐஐடி பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழுவிலிருந்து வந்தவை நியோஃப்ளை, நியோபோல்ட். நியோஃப்ளை, ஆளுக்கு ஏற்றபடி அளவெடுத்துச் செய்யும் நாற்காலி. நியோபோல்ட், அதன் முன்பக்கம் மாட்டும் மோட்டார் வண்டி. மாட்டியதும் சின்னச் சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பிவிடும். ஒரு சார்ஜில் 25 கி.மீ. வரை ஓடும். 2021-ல் விலை முறையே ரூ.39,900, ரூ.55,000. வெளிநாட்டு நாற்காலியோடு ஒப்பிட்டால் குறைவுதான். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இதுவும் எட்டாத தொகை.

அப்போ என்ன பண்ணலாம்?

மத்திய அரசின் அடிப் திட்டத்தில், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமும் மாதம் ரூ.22,500-க்குள் வருமானமும் உள்ளவர்களுக்கு உபகரணம் இலவசம். சேலத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

போகும்போது இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரையிலான அளவு, வீட்டு வாசல் அகலம் நான்கையும் எழுதி எடுத்துட்டுப் போங்க. நாற்காலியைக் கையெழுத்துப் போட்டு வாங்கும் முன் உட்கார்ந்து பாருங்க. பொருந்தலைன்னா அங்கேயே சொல்லுங்க. கொடுப்பது இலவசமாக இருந்தாலும், அளவு கேட்பது உங்க உரிமை.