முதல் துப்பாக்கி எது?

குறி பார்த்துச் சுடப் பழக ஆசையா? விசையை இழுக்க இழுக்க, அடுத்த தோட்டா தானே ஏறும் ‘22’ துப்பாக்கிதான் பல இளைஞர்களின் கனவு!

அதற்கு 21 வயது ஆகவேண்டும். பெரம்பலூரானாலும் அரியலூரானாலும் லைசென்சு வேண்டும். வாங்கும் தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. சின்னத் தோட்டாதானே என்று எண்ணாதீர்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். முந்திரித் தோப்புக்கு அப்பால் ஆடு மேய்ப்பவர் கதி என்ன?

முதலில் வாங்க ஏற்றது காற்றுத் துப்பாக்கியே. செலவும் குறைவு. குழல் 0.177 அங்குலம், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால், 2016-ம் ஆண்டு ஆயுத விதிப்படி லைசென்சு வேண்டாம். ஒவ்வொரு குண்டாகப் போட்டுச் சுடுவதால் அவசரம் அடங்கும், கை நிலைக்கும்.

இது விளையாட்டுச் சாமான் அல்ல! 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது காற்றுத் துப்பாக்கியால்தான். பக்கத்துக் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவுக்கும் பாரீசுக்கும் போனதும் இதனால்தான். 10 மீட்டர் தூரத்தில், அரை மில்லிமீட்டர் புள்ளியைக் குறிவைக்கிறார்கள்!

குறி அட்டைக்குப் பின்னே மண்மேடு இருக்கட்டும். பெரியவர் ஒருவர் கூட நிற்கட்டும். கரைவெட்டி ஏரிப் பக்கம் துப்பாக்கியோடு போகவே கூடாது. அது பறவைகள் சரணாலயம். கொக்கைச் சுட்டாலும் 1972-ம் ஆண்டு வன உயிர்ச் சட்டப்படி வழக்குத்தான்.